லேபிளில் இருந்த கட்டைவிரல்

நாணயங்களுக்குத் தரம் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டித் தரும் கம்பெனியில், தப்பான லேபிள்களைத் திருத்துவது, எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அவளுடைய வேலை. அன்றைக்கு ஒரு வெள்ளிக்காசு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. “முகப்பில் கட்டைவிரல் ரேகை, குறுக்கே வெட்டு” என்றது லேபிள். காசோ கண்ணாடி மாதிரி பளபளத்தது.

“ரெண்டு தடவை திருத்தினீங்களேக்கா?” என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

“திருத்தித்தான் அனுப்பினேன். மறுபடியும் பழைய லேபிளோடயே வந்து நிக்குது. இன்னைக்கு ஒரு கை பாத்துடறேன்.”

கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைக் கத்தியால் நெம்பினாள். கத்தி வழுக்கி, கையுறையோடு கட்டைவிரலையும் கிழித்தது. விழப்போன காசை அதே விரலால் அமுக்கிப் பிடித்தாள்.

காயத்துக்குக் கட்டுப் போட்டு வந்து லென்ஸில் பார்த்தாள். முகப்பில் அவளுடைய ரேகை, குறுக்கே வெட்டு.

புது லேபிள் அடிக்கவில்லை. பழையதையே ஒட்டினாள்.