பஸ் சூடாகுதுங்க

மில் பஸ் அன்றைக்கும் பத்து நிமிஷம் லேட்.

"ஒரு ரேடியேட்டரைச் சரி பண்ணத் தெரியல, நீயெல்லாம் மெக்கானிக்கா?" என்றார் மேனேஜர் கிருபாசங்கர். "நாளைக்கும் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சண்முகப்ரியாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த ஒரே வாரத்தில் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தாள். ஃபேன் பெல்ட்டையும் மாற்றினாள். பழைய கூலன்ட்டை வடித்து, ரேடியேட்டரைக் கழுவி, புதுசு ஊற்றினாள். அப்படியும் டிரைவர் லட்சுமணசாமி தினமும் அதே பாட்டுத்தான் பாடினார்: "அன்னூர் தாண்டுனா இன்ஜின் சூடாகுதுங்க அம்மணி."

மறுநாள் காலையில் அவளே பஸ்ஸில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டெம்பரேச்சர் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது.

அன்னூர் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க்கில் பஸ் நின்றது.

"சூடாகிப்போச்சுங்க. பத்து நிமிஷம் ஆறட்டும்."

நாற்பது பேரும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். "என்னத்த ரிப்பேர் பாத்துச்சோ இந்தப் புள்ள" என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார்.

லட்சுமணசாமி பானெட்டைத் திறந்து வைத்தார். ஒரு கேன் நிறையத் தண்ணீர் பிடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை அப்படியே அரளிச் செடிக்கு ஊற்றினார்.

"ஏனுங்கண்ணா, ரேடியேட்டர் அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றாள் சண்முகப்ரியா, பின்னாலிருந்து.

அவர் கேனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"எனக்கு வேலையே போகப்போகுது. நீங்க டீ குடிக்கறதுக்கு என் இன்ஜின்தான் கெடச்சுதுங்களா?"

"டீயெல்லாம் இல்லீங்க அம்மணி." அவர் குரலைத் தாழ்த்தினார். "பின்சீட்டு மாசாணியம்மாளுக்குச் சக்கரை வியாதிங்க. மில்லு வரைக்கும் அடக்க முடியறதில்ல. போன மாசம் வண்டியிலயே ஆகிப்போச்சு. வேலையே வேண்டாம்னு அழுதுபோட்டாங்க. இத்தன ஆம்பளைங்க முன்னால நிறுத்தச் சொல்லவும் கூச்சம். வண்டி சூடுன்னா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்கல்லங்க."

பங்க்கின் கழிவறைப் பக்கமிருந்து மாசாணியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னுமா கண்ணு உனக்கு அதச் சரி பண்ணத் தெரியல?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போனில் வந்தார். "என்ன, கண்டுபிடிச்சியா இல்லையா?"

"கண்டுபிடிச்சுட்டேனுங்க சார். இன்ஜின்லதான் கோளாறு. இந்த எடத்துல தெனமும் பத்து நிமிஷம் ஆற வெச்சே தீரணுங்க. நாளையிலருந்து பஸ்ஸப் பத்து நிமிஷம் முன்னாலயே எடுக்கச் சொல்லிப்போடுங்க."