யாருடைய துடிப்பு?

"டாக்டர், மானிட்டர் காட்டுறது குழந்தையோட இதயத்துடிப்பு இல்ல, தாயோட நாடி" என்றாள் நர்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நூத்தி இருபது இருக்கே! குழந்தைக்கு அது நார்மல்தானே, சிஸ்டர்? சும்மா பதறாதீங்க."

"மணிக்கட்டைப் பிடிச்சு எண்ணிட்டுதான் சொல்றேன். நாடியும் அதே நூத்தி இருபது. கருவியை நகர்த்திப் பாருங்க. பார்க்காம விடமாட்டேன்."

டாக்டர் முணுமுணுத்தபடி வயிற்றின் மேல் கருவியை நகர்த்தினார். குழந்தையின் துடிப்பு வெறும் எழுபது! அவர் முகம் வெளிறியது.

"தியேட்டரை ரெடி பண்ணுங்க!"

அரை மணி நேரத்தில் பெண் குழந்தை வீறிட்டு அழுதது.

"பிரசவ வார்டுல பத்து வருஷ அனுபவம்னா சும்மாவா!" என்றார் டாக்டர். "நீங்க பிடிவாதம் பிடிக்கலன்னா இவளை இழந்திருப்போம், சிஸ்டர்."

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்த நர்ஸ் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம், டாக்டர். முதல்ல என் பொண்ணைக் குடுங்க."