நோய் அளக்கும் மோதிரம்

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் செல்லக்கனியின் முடக்குவாதத்தை நான்கு மாதமாக, ஆஸ்பத்திரியில் அவள் விரலில் மாட்டிவிட்ட மோதிரம்தான் அளந்தது. கை எவ்வளவு அசைகிறது என்று அது எண்ணும். அசைவு கூடினால் நோய் குறைவு.

காலையில் வெந்நீரில் கையை ஊறப்போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இருநூறு பிள்ளைகளுக்கு அவள் காய் நறுக்கியதையெல்லாம் மோதிரம் எண்ணியது. பல்லைக் கடித்ததை எண்ணவில்லை.

"உங்களுக்கு நோய் அடங்கிடுச்சும்மா. இனிமே ஊசி கிடையாது," என்றாள் ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண், திரையைப் பார்த்தபடி.

"சேலைகூடக் கட்ட முடியல. என் கையைப் பாரு தாயி."

"நான் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? மோதிரம் சொல்றதுதான் கணக்கு. நீங்க வேலைக்குப் போகாம இருந்திருக்கணும்."

"நான் போகலன்னா புள்ளைக என்னத்தத் திங்கும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மோதிரத்தக் கழட்டிக் குடுங்க. அடுத்த ஆளுக்குப் போடணும்."

செல்லக்கனி இழுத்தாள். விரல் மூட்டு நெல்லிக்காயாக வீங்கியிருந்தது. மோதிரம் அதைத் தாண்டவில்லை. எச்சில் தொட்டு இழுத்தாள். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

கையைக் கவுண்டருக்குள் நீட்டினாள்.

"எனக்குத்தான் நோயே இல்லங்கியே. நீயே கழட்டு, பார்ப்போம்."