ஓடிக் குறைத்த உடம்பு

மாமியார் மாத்திரை டப்பாவை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"என்ன இது? தெனம் காலையில ஒளிச்சு ஒளிச்சு எடுக்கறியே, பார்த்துட்டுத்தான் இருக்கேன். எந்த வியாதியை மறைச்சு என் பையன் தலையில உன்னைக் கட்டினாங்க?"

மருமகளுக்கு முகம் வெளுத்தது. "கொடுத்துடுங்க அத்தை. நிறுத்தினா ஆபத்து."

"அப்ப ஆயுசுக்கும் இதுதானா? ஓடி ஓடியே நாப்பது கிலோ குறைச்சவன் என் பையன். தெருவே மெச்சுது. அவனுக்குப் போய் இப்படி ஒரு நோயாளியா!"

ஆத்திரத்தில் டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். மருமகள் பதறிப்போய் குனிந்து பொறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்தான்.

"வாடா! உன் பொண்டாட்டி லட்சணத்தைப் பாரு."

அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்க ஆரம்பித்தான்.

"அவளைத் திட்டாதேம்மா. மாத்திரை எனக்கு. வெளியூர்ல வேலை பார்த்தப்போ எடை குறையறதுக்கு இரைப்பையைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். சாப்பிடறதுல சத்து முழுசா ஒட்டாது. கடைசிவரைக்கும் மாத்திரைதான். நீ எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுட்டு இருந்தே, சொல்ல மனசு வரலை."

மாமியாரின் குரல் இறங்கிப்போனது.

"அப்ப... தெனம் விடியக்காலையில ஓடப் போறியேடா?"

"பார்க் பெஞ்சுல உக்காந்துட்டு வரேன்மா."