வண்டி மட்டும்

முழங்கை வரைக்கும்தான் ஆள்.

அதற்கு மேல் படத்தில் கத்தரி போயிருந்தது.

லாரியின் மட்கார்டு மேல் ஒரு வலது கை. மணிக்கட்டில் வாட்ச். விரல்கள் விரிந்து பதிந்திருந்தன, சூடு பார்ப்பதுபோல.

அவள் சோற்று டப்பாவை மூடினாள். பனியன் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும். போனில் படத்தைப் பெரிதாக்கினாள்.

மூக்கு நீண்ட பழைய லாரி. ஆயுதபூஜைக்கு எடுத்த படம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சந்தனப் பொட்டு. நெற்றியில் முதலாளி பிள்ளைகளின் பெயர்கள். நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது.

அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். அப்பா ஓட்டிய வண்டி. அம்மா அதை விபத்து வழக்கில் கோர்ட்டில் சொன்னாள். வக்கீலிடம் சொன்னாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரும் கேட்காமலே சொன்னாள்.

அப்பாவுக்குப் போட்டோ கிடையாது. கல்யாணத்துக்குப் படம் பிடிக்க ஆள் வைக்கவில்லை. லைசென்ஸில் ஒன்று இருந்தது. அது வண்டியோடு எரிந்தது. அவரோடு.

அம்மா சொல்லி அவளுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். அவர் வாட்சை வலது கையில் கட்டுவார்.

இதற்காகத்தான் அவள் அந்த முகநூல் குழுவில் சேர்ந்தாள். பழைய லாரிப் பிரியர்கள். பெரும்பாலும் ஆண்கள். முன்னாள் ஓனர்கள், பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், லாரியே ஓட்டாத இன்ஜினியர்கள். ஒரு ஹாரன் எந்த மாடலுக்கு வந்தது என்று வாரக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. வண்டி மட்டும். ஆள் கூடாது. ஆள் நின்றால் பம்பர் மறையும்.

அதனால் எல்லோரும் கத்தரித்துத்தான் போடுவார்கள். இந்தப் படத்தில் மறுபக்கம் முதலாளி நின்றிருக்க வேண்டும். அவர் முழுசாகப் போயிருந்தார்.

படத்தைப் போட்டவர் சங்ககிரி லோகநாதன். கீழே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டியா இது! தேருங்க.”

“இந்த ஸ்டீயரிங்கை ஒடிச்சு ஓட்டுனவனுக்குத் தோள்பட்டையே இருக்காது.”

“உங்களுக்கு மட்டும் இருக்குதுங்களா மாமா?”

அவள் தட்டினாள். அழித்தாள். அப்பா என்று அத்தனை ஆண்களுக்கு நடுவில் எழுதக் கூச்சமாக இருந்தது. முதலில் இதைக் கேட்டால் போதும்.

“ஓரத்துல ஒரு கை தெரியுதுங்களே. அது யாருங்க?”

மணி அடித்தது. போனை வாசலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். படத்தைச் சேமிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

முழு ஆளே கிடைக்கப்போகிறார். கை எதற்கு?

மதியம் முழுக்க பனியன்களில் நூல் பிசிறு வெட்டினாள். அந்தக் கைக்கு ஒரு முகம் வைத்துப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை.

டீக்கு விட்டார்கள்.

படம் மாறியிருந்தது.

மட்கார்டின் நுனி கொஞ்சம் போயிருந்தது. மற்றபடி சுத்தமாக இருந்தது.

லோகநாதன் பதில் போட்டிருந்தார்.

“மன்னிக்கோணுமுங்க சகோதரி. கவனிக்காம விட்டுட்டனுங்க. அந்தக் கையையும் வெட்டி, மறுபடி ஸ்கேன் பண்ணிப் போட்டுட்டேன். பழசை அழிச்சாச்சு. ஆளோட மீதி போன வருசமே வெந்நி அடுப்புக்குப் போயிருச்சு, கையும் இன்னைக்குப் போயிருச்சு. சுட்டிக் காட்டுனதுக்கு நன்றிங்க.”

அதற்கு நிறைய கட்டைவிரல்கள்.

“நமக்குத் தெரியல பாருங்க. பொம்பளைக் கண்ணு தப்பாது.”

அவள் கோபப்படப் பார்த்தாள். யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் குழுவில் கையைக் காட்டிக் கேட்டால் வெட்டச் சொல்வதாகத்தான் அர்த்தம்.

டீ ஆடை கட்டியது.

கீழே புதிதாக ஒருவர் வந்தார். எடப்பாடி செங்கோட்டுவேலு.

“முன் டயர் மேல ஒரு நிழல் விழுது பாருங்க. தலை, தோளெல்லாம் தெரியுது. தலையில துண்டு கட்டியிருக்கான். நம்ம மச்சான் பையன்கிட்டச் சொன்னாக் கம்ப்யூட்டர்ல எடுத்துருவான். சொல்லட்டுங்களா?”

“சொல்லுங்க, சொல்லுங்க” என்றார் லோகநாதன்.

இதுவரை அவள் கையை மட்டுமே பார்த்திருந்தாள்.

இருந்தது. டயரின் மேல் கொஞ்சம், மண்ணில் கொஞ்சம். மூக்கு தெரியவில்லை. ஒரு காது இருந்தது. தலை லேசாகச் சாய்ந்திருந்தது, யாரோ கூப்பிட்டதுபோல.

உடனே சேமித்தாள். ஒருமுறை பட்டது போதும்.

ஆனால் போனில் இருப்பது அவளுக்கு மட்டும். அவர் அங்கே நின்றார் என்று வேறு எங்கும் இருக்காது.

அப்பா என்று இப்போதும் எழுதலாம். எழுதினால் வருத்தப்படுவார்கள். கைகூப்பும் படங்கள் வரிசையாக வரும். பிறகு யாராவது, பாவம் அந்தப் பொண்ணு, என்று படத்தையே எடுக்கச் சொல்வார்கள்.

அவள் அவர்களைப்போல எழுதினாள்.

“நிழலை எடுக்காதீங்க. எடுத்தா டயரும் மழுங்கிரும். ஓடுன வண்டின்னே தெரியாது.”



பிறகு லோகநாதன் எழுதினார்.

“அதுவும் சரிதானுங்க. ஆளு கெடந்துட்டுப் போறான். டயர்தான் முக்கியம்.”

அதற்கு அவள் ஒரு கட்டைவிரல் போட்டாள்.