சைலன்சர் கார்டு

காளீஸ்வரி இறந்த பிறகும், புவனேஷ் பைக் ஓட்டும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்கத் திரும்பி, ஒருமுறை லாரியில் மோதப் பார்த்தான். அதனால்தான் சைலன்சரை மாற்றத் தென்காசியில் விஜய்பாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான்.

“சத்தம் காதை அடைக்கணும், அண்ணாச்சி. ஆனா இஞ்சின் கெடக் கூடாது.”

“புகை தடையில்லாமப் போச்சுன்னா பெட்ரோலையும் கொஞ்சம் கூட்டணும்லா தம்பி,” என்ற விஜய்பாண்டி, கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டார். கால் சுடாமல் மறைக்கும் கார்டு புதுக் குழாயில் பொருந்தவில்லை. கழற்றி வைத்தார். “பின்னால ஆளு ஏத்திராத. கெண்டைக்கால் வெந்துரும்.”

“ஏத்த யாரும் இல்ல.”

“அப்ப குத்தாலம் வரைக்கும் ஓட்டிட்டு வா. பிளக்கைப் பாப்போம்.”

ஓட்டினான். சாரலில் அருவிக்கு நடந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நேராகப் பார்த்து ஓட்டினான்.

திரும்பி வந்ததும் விஜய்பாண்டி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நல்ல காப்பிப்பொடி நிறம். இஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை. பிறகு குழாய்ப் பக்கம் குனிந்தவர் நிமிரவில்லை. பின்னால் உட்காருபவரின் கால் படும் இடத்தில், காளீஸ்வரியின் கிளிப்பச்சைச் சுடிதார்த் துணி உருகி ஒட்டியிருந்தது. இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

“ஆளு ஏத்தாதன்னு சொன்னேன்லா? அந்தப் பிள்ள என்னா கத்து கத்தியிருக்கும்! ஒனக்குக் கேக்கவே இல்லையா?”