கமலநாதனின் விண்ணப்பங்கள்

டெஸ்ட் எல்லாம் சரி என்று திரையில் பச்சை விழுந்த பிறகுதான் ஏதோ தப்பு என்று எனக்குப் பட்டது.

வழக்கமாக இந்தச் சோதனை ஓட்டத்தில் திரும்பி வருபவை பொய்ப் பெயர்கள். கம்பெனி ஒன்று, கம்பெனி இரண்டு என்று வரும். இன்று திரையில் வந்தவை நிஜப் பெயர்கள். பண்டமாரானில் ஒரு கிடங்கு. காப்பாரில் ஒரு லோரி கம்பெனி. செமினியில் ஒரு சோபா கடை.

ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாசகம். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, திரு. கமலநாதன்.

கமலநாதன் எங்கள் முதலாளி. எனக்கு எதிரே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் சூட்கேஸ் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வேலை தேடுகிறவர்களுக்காக ஓர் ஆப் நடத்துகிறோம். அதில் வரும் வேலைகள் எல்லாம் வேறொரு பெரிய தளத்திலிருந்து வருபவை. அந்தத் தளத்தோடு எங்கள் ஆப் பேசுவதற்கான நிரலை மனிதர் யாரும் எழுதுவதில்லை. இயந்திரமே எழுதித் தள்ளிவிடும். புதுப் பதிப்பு வந்தால் இறக்கி, பழையதன் இடத்தில் வைத்து, ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு.

கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும், இது தானாக உருவானது, கை வைக்காதீர் என்று. நான் கண்ணைக்கூட வைக்கவில்லை.

இப்போது வைத்தேன்.

ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு முகவரி மாறியிருந்தது. பழைய பதிப்பில், எந்தத் தளம் என்று நாம் எதுவும் சொல்லாவிட்டால் விண்ணப்பங்கள் சோதனைத் தளத்துக்குப் போகும். புதிய பதிப்பில், எதுவும் சொல்லாவிட்டால் நிஜத் தளத்துக்கே போகும்.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சோதனைக்கு முதலாளியின் ரெசியுமேயை வைத்தது என் குறும்பு இல்லை. நான் சேர்ந்த புதிதில் அவரே கொடுத்தார். "என்னோடதையே வெச்சுக்குங்க லா அசார். இந்த வயசுல என்னை எவன் கூப்பிடப் போறான்?" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அவசர அவசரமாக விண்ணப்பங்களைத் திரும்பப் பெறப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. மறுபடி முயன்றேன். இந்த முறை கடவுச்சொல்லையே தப்பாக அடித்தேன். அதுவும் தவறு என்றது.

அந்தப் பண்டமாரான் கிடங்குக்காரர்தான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அவரிடம் போய் எங்கள் முதலாளி இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை கேட்டிருக்கிறார். என் புண்ணியத்தில்.

என் வேலை பெர்மிட்டில் இந்தக் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. இவர் போ என்றால் ஊருக்கே போக வேண்டியதுதான். என் மனைவி ஃபர்ஹானாவுக்கு இது எட்டாம் மாதம். அந்த வயிற்றோடு அவளை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? திருச்சியில் இறங்கி அவள் அப்பாவிடம் என்ன சொல்வேன்?

முதலாளியின் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது.

மறுபடியும் அதிர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

நான் சட்டென்று குனிந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி விசைப்பலகையைத் தட்டினேன். என்ன தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

"என்ன அசார், காய்ச்சலா? மூஞ்சியே சரியில்லையே லா" என்றார், பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கும் சீதாலெட்சுமி அக்கா. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அதற்குள் முதலாளிக்கு ஓர் அழைப்பு வந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார். கோபம் வந்தால்தான் அவர் நின்று பேசுவார். இன்று ஏனோ குரலே வெளியே வரவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு கட்டத்தில் லேசாகக் குனிந்தார்.

கிடங்குக்காரரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. நான் எழுந்து நின்றேன். பாஸ், ஸாரி, அது வந்து, என்று என்னவோ உளறினேன்.

அவர் என் தோளில் கைவைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். தானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் இருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கிடங்குல என்னை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இங்க அடுத்த மாசச் சம்பளத்துக்கே காசு இல்ல லா. அடுத்து உங்க பேரைப் போட்டு ஓட்டுங்க அசார், உங்களுக்குத்தான் பெர்மிட் பிரச்சினை. அப்புறம் அக்கா பேரு. அவங்ககிட்ட சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன்."